கூட்டாமல் குறைக்காமல்

உங்கள் விண்ணப்பப் படிவத்தில் ‘குடும்பப் பெயர்’ என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறீர்கள். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து ஒன்று இருக்கும், அதற்குப் பின்னால் சொந்தப் பெயர், அவ்வளவுதான். அந்த ஒற்றை எழுத்தைப் பாஸ்போர்ட் அலுவலகம் முழுப் பெயராக விரித்துப் பின்னால் போட்டது. கம்பெனிப் பதிவில் அதே பெயர் முன்னால் வந்தது. மின்சார ரசீதோ இன்னும் அப்பா பெயரிலேயே வருகிறது. அவர் போய் வருஷக்கணக்காகிறது, மின்சார அலுவலகத்துக்கு மட்டும் நாங்கள் சொல்லவே இல்லை. ஆக, உங்கள் வங்கிக்கு என் தம்பி மூன்று வெவ்வேறு ஆட்களாகத் தெரிந்தான். இரண்டு முறை விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினீர்கள். நான் குறை சொல்லவில்லை. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் திருப்பித்தான் அனுப்பியிருப்பேன்.

போன வாரம் உங்களிடமிருந்து வந்த கடிதத்துக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். சரிபார்ப்பு அழைப்புகளின் பதிவை ஐந்து வருஷம் வைத்திருந்து அழித்துவிடுவது உங்கள் வழக்கம் என்றும், எங்கள் பதிவின் முறை இந்த மாதக் கடைசியில் வருகிறது என்றும், நகல் வேண்டுமானால் அதற்குள் கேட்கலாம் என்றும் எழுதியிருந்தீர்கள். கடிதத்தை நான் மட்டும் பார்த்திருந்தால் மாதக் கடைசி தானாக வந்து போயிருக்கும். ஆனால் வீட்டில் எல்லோருக்கும் ஒரே கணினி. தம்பி மனைவி அதைத் திறந்து படித்துவிட்டாள். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருப்பவள், உங்கள் மொழியைத் தட்டுத் தடுமாறியாவது படித்துவிடுவாள். படித்து முடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“அண்ணி, இதுல அவர் பேசுறாரா?”

பேசுகிறான் என்றேன். அவள் அழவில்லை. துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து தினமும், செருப்பைக் கழற்றும்போதே, எழுதிட்டீங்களா அண்ணி என்று கேட்கிறாள்.

அவள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. அவன் குரல் வேறு எங்கும் கிடையாது. படம் பிடிப்பவன் படத்தில் இருக்க மாட்டான் இல்லையா, அவன் அந்த ரகம். கல்யாண வீடியோவில் அவன் வாய் அசைகிறது, மேலே பாட்டு ஓடுகிறது. கைபேசியின் பூட்டு எண் அவனோடு போய்விட்டது. மகள் அவன் போன பிறகு பிறந்தவள். இப்போது நாலே முக்கால் வயது. அப்பா குரல் எப்படி இருக்கும் அத்தை என்று ஒருநாள் என்னிடம் கேட்டாள். கொஞ்சம் கரகரவென்று இருக்கும் என்றேன். அவள் தன் தொண்டையைக் கரகரவென்று வைத்துக்கொண்டு இப்படியா, இப்படியா என்று சாயங்காலம் முழுக்க வீட்டைச் சுற்றி வந்தாள்.

எந்தக் காகிதமானாலும் மூலத்தை முழுசாக எழுதிவிட்டுத்தான் பெயர்ப்பது என் பழக்கம். அதனால் இதை முதலில் என் மொழியில் எழுதுகிறேன். முடித்ததும் உங்கள் மொழிக்குப் பெயர்த்து, முத்திரை வைத்து அனுப்புவேன்.

என் தொழிலைப் பற்றி இரண்டு வார்த்தை. நான் சான்றிட்ட மொழிபெயர்ப்பாளர். நீதிமன்றத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கு மாடியில், ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் ஓர் இரும்பு அலமாரியும் உள்ள அறை என்னுடையது. பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், விவாகரத்துத் தீர்ப்பு. வெளிநாடு போகிறவர்கள் கொண்டுவருவார்கள், நான் பெயர்த்துக் கொடுப்பேன். ஒவ்வொரு தாளின் அடியிலும், மூலத்தில் உள்ளதைக் கூட்டாமல் குறைக்காமல் பெயர்த்திருக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்துவேன். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தாள்கூடப் பிழை என்று திரும்பி வந்ததில்லை. மூலத்தில் எழுத்துப்பிழை இருந்தால் அதையும் அப்படியே பெயர்த்து, பக்கத்தில் ஒரு குறிப்புப் போடுகிற ஆள் நான். என்னோடு வாழ்வது கஷ்டம் என்று கணவர் சொல்லிவிட்டுப் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அவர் போனாலும் அவருடைய முதல் எழுத்து என் முத்திரையில் தங்கிவிட்டது.

அந்த எழுத்துதான் பின்னால் உதவியது. மொழிபெயர்ப்பாளர் விண்ணப்பதாரரின் உறவினராக இருக்கக் கூடாது என்பது உங்கள் விதி. என் முன்னெழுத்து வேறு, தம்பியின் முன்னெழுத்து வேறு. கல்யாணமான பெண்ணின் எழுத்து மாறிவிடும் என்பது உங்கள் ஊரில் யாருக்கும் தோன்றவில்லை. நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். பதினெட்டு வயதில் கிரீஸ் டப்பாவோடு ஆரம்பித்தவன். லிஃப்ட் திடீரென்று நிற்பதில்லைக்கா, பல நாள் சொல்லிட்டுத்தான் நிற்கும், நாமதான் காது குடுக்கறதில்லை என்பான். கதவு மூட எடுத்துக்கொள்ளும் நேரம் அரை நொடி கூடினால், நிற்க வேண்டிய மட்டத்துக்கு ஒரு விரல்கடை கீழே நின்றால், மோட்டார் வழக்கத்தைவிடச் சூடானால், அதையெல்லாம் குறித்துக்கொண்டு முன்கூட்டியே எச்சரிக்கும் ஒரு மென்பொருளை ராத்திரி பகலாக உட்கார்ந்து எழுதினான். உங்கள் நாட்டில் முந்நூறு கட்டடங்களைப் பராமரிக்கும் ஒரு நிறுவனம் அதைப் பார்த்துவிட்டு வேண்டும் என்றது. ஒரே நிபந்தனை, உங்கள் நாட்டில் பதிவான கம்பெனியாக இருக்க வேண்டும், அங்கேயே வங்கிக் கணக்கும் இருக்க வேண்டும். கம்பெனியை இங்கிருந்தபடியே பதிவு செய்துவிட்டோம், ஒரு வாரம்கூட ஆகவில்லை. முதல் இயக்குநர் அவன், இரண்டாவது நான். உறவினர் பெயர்க்கக் கூடாது என்ற உங்கள் விதி, இயக்குநர் பெயர்க்கக் கூடாது என்று சொல்லவில்லை. கணக்குதான் இழுத்தடித்தது. அங்கே குடியிருக்காதவனுக்குக் கணக்கு என்றால் வங்கிகள் எல்லாம் முகம் சுளிக்கின்றன. ஒன்பது வங்கிகள் கையை விரித்தன. நீங்கள் மட்டும்தான், காகிதம் சரியாக இருந்தால் பார்க்கலாம் என்றீர்கள்.

காகிதம் என்று சொன்னால் போதும், நான் கோதாவில் இறங்கிவிடுவேன். மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்று பிரமாணப் பத்திரம், அப்பாவின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வீட்டுப் பத்திரம், எல்லாவற்றுக்கும் பெயர்ப்பு. மொத்தம் நூற்றுப் பதினாலு பக்கம். அந்த வருஷம் முழுக்க நான் வேறு நினைப்பில்லாமல் இருந்தேன். அது ஏன் என்று உங்களுக்குச் சொன்னால் புரியும் என்று நம்புகிறேன். அதுவரை பதினேழு வருஷமாக ஊரில் உள்ளவர்களையெல்லாம் விமானத்தில் ஏற்றி அனுப்பியது என் முத்திரைதான். நான் மட்டும் அந்த மாடியறையிலேயே இருந்தேன். முதல் தடவையாக, மேசையில் இருந்த காகிதம் எங்களுடையது.

மூன்றாவது விண்ணப்பத்துக்குப் பதினோரு வாரம் காத்திருந்த பிறகு அழைப்புக்கு நேரம் கொடுத்தீர்கள். புதன்கிழமை, எங்கள் நேரப்படி பிற்பகல் மூன்று மணி. தவறவிட்டால் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும் என்று மின்னஞ்சலில் தடித்த எழுத்தில் இருந்தது.

அன்று காலை அவனுக்குத் தலைவலி. மனைவி ஏழாவது மாதம், மூச்சு வாங்கிக்கொண்டே வேலைக்குக் கிளம்பினாள். போகும்போது, அவரைக் கொஞ்சம் பாத்துக்குங்க அண்ணி என்றாள். அவள் படியிறங்கியதும் அவன் என்னிடம் வந்தான். உள்ளூர் லிஃப்ட் கம்பெனி ஒன்று அந்த மென்பொருளை வாங்கிக்கொண்டு அவனுக்கு வேலையும் தருகிறதாம், குழந்தை வரும் நேரம், அதுவே போதும் என்று தோன்றுகிறதாம். ஒரு வருஷ உழைப்பை ஒரு தலைவலிக்காக விடுவாயா என்று கேட்டேன். தலைவலிக்காக இல்லக்கா என்றான். நான் சொன்னால் தட்ட மாட்டான். அம்மா இல்லாத வீட்டில் அவனுக்குத் தலை சீவிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவள் நான்.

பன்னிரண்டு ஐம்பதுக்குச் சாப்பாட்டு மேசையில் அவன் வலது கையிலிருந்த தண்ணீர் டம்ளர் விழுந்தது. நேரம் எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று மணிக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று அப்போது சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கை வழுக்கிவிட்டது என்று சிரித்தான். சிரிப்பு ஒரு பக்கம்தான் வந்தது. கொஞ்சம் படுத்து எழுந்தால் சரியாகிவிடும் என்று சொல்லிப் படுக்க வைத்தேன். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் ஒரு குறிப்புப் போட வேண்டும். களைப்பு என்று நான் நினைக்கவில்லை. அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. அதே வலது கை, அதே உதட்டோரம். அவருக்குப் பதினோரு மாதம் கரண்டியால் ஊட்டியவள் நான். அந்த உதட்டை எனக்கு அடையாளம் தெரியும்.

இரண்டு மணிக்கு அவன் மனைவி போன் செய்தாள். தூங்குகிறான் என்றேன். கண் மூடித்தான் இருந்தான், அதனால் அது பொய் ஆகாது. இரண்டரைக்கு அவனை எழுப்பி நல்ல சட்டை மாட்டிவிட்டேன். பொத்தான் போட அவன் விரல்கள் வரவில்லை, நான் போட்டேன். மேசை விளக்கை இடது பக்கமாக நகர்த்தி வைத்தேன். வலது பக்க முகம் நிழலில் போயிற்று. பார்க்க நன்றாகவே இருந்தான்.

நீங்கள் அன்று சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை போட்டிருந்தீர்கள். உங்களுக்கு ஜலதோஷம். மூக்கைத் துடைத்துவிட்டு இரண்டு முறை மன்னிப்புக் கேட்டீர்கள். அவ்வளவு தூரத்திலிருந்து ஒரு தும்மலுக்கு மன்னிப்புக் கேட்கிற பெண் என்று எனக்கு உங்களைப் பிடித்துவிட்டது. சொல்வதைச் சொன்னபடி பெயர்ப்பேன் என்று என்னை உறுதிமொழி எடுக்கச் சொன்னீர்கள். வலது கையை உயர்த்தி எடுத்தேன்.

பாஸ்போர்ட்டை முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னீர்கள். அவன் முயன்றான். பிறகு என்னிடம் சொன்னான்.

“அக்கா, கை வரலை.”

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. பெயர்க்கிறவர், அவர் இப்படிச் சொல்கிறார் என்று சொல்லக் கூடாது. பேசுகிறவராகவே நின்று ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும். அப்படியே சொன்னேன்: “நான் எந்தக் கையில் பிடிக்க வேண்டும்?” எந்தக் கையானாலும் சரி என்று நீங்கள் சிரித்தீர்கள். பாஸ்போர்ட்டை எடுத்து அவன் இடது கையில் வைத்தேன். அக்கா என்றால் என்ன என்று கேட்டீர்கள். வயதில் மூத்த எந்தப் பெண்ணையும் நாங்கள் அப்படித்தான் அழைப்போம் என்றேன். அதிலும் பொய் இல்லை. காய்கறிக் கடைக்காரர்கூட என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்.

பிறகு கம்பெனி என்ன செய்கிறது என்று அவனுடைய வார்த்தையில் சொல்லச் சொன்னீர்கள். ஒரு வாரமாக நாலு வாக்கியம் பழக்கிவைத்திருந்தோம். அவன் வாயைத் திறந்து வெகுநேரம் தேடினான். லிஃப்ட் என்றான். கதவு என்றான். மறுபடியும் கதவு என்றான். வார்த்தை வர மாட்டேங்குதுக்கா என்றான், நாக்குத் தடித்த மாதிரி. நான் அந்த நாலு வாக்கியத்தையும் உங்களுக்குத் தெளிவாகச் சொன்னேன். அவர் சொன்னது சின்னதாக இருந்ததே என்றீர்கள். எங்கள் மொழி சுருக்கமானது என்றேன்.

நீங்கள் ஏதோ எழுதுவதை நிறுத்திவிட்டுத் திரைக்கு அருகே வந்து பார்த்தீர்கள். அவருக்கு உடம்பு சரியில்லையா, களைப்பாகத் தெரிகிறாரே என்று கேட்டீர்கள். வேண்டுமானால் வெள்ளிக்கிழமை இதே நேரத்தை அவருக்காக ஒதுக்கிவைக்கிறேன், வரிசை போகாது, அவரையே கேளுங்கள் என்றீர்கள்.

தவறவிட்டால் வரிசையின் கடைசி என்று மேலே எழுதியிருக்கிறேன். அதை அடிக்காமல் விடுகிறேன், மூலத்தில் எழுதியதை அடிப்பது முறையில்லை. ஆனால் நீங்கள் இரண்டே நாளில் நேரம் தருவதாகச் சொன்னது உண்மை. அவனிடம் அதைச் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்றும் எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை அவன் இந்த நாற்காலியில் உட்காரவே மாட்டான். உள்ளூர் கம்பெனிக்குப் போய்விடுவான். நூற்றுப் பதினாலு பக்கமும் என் இரும்பு அலமாரிக்குப் போகும். நான் அவன் பக்கம் திரும்பி, எங்கள் மொழியில், இன்னும் ஒரே ஒரு கேள்விதான்டா கண்ணு என்றேன். உங்கள் பக்கம் திரும்பி, “இன்றே முடித்துவிடலாம்” என்றேன்.

கடைசிக் கேள்வி, உங்கள் விதிப்படி எல்லோரிடமும் கேட்பது. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், உங்கள் சொந்த விருப்பத்தின் பேரில்தான் இந்தக் கணக்கைத் தொடங்குகிறீர்களா? அந்தக் கேள்வியை ஒரு சொல் பிசகாமல் அவனுக்குப் பெயர்த்தேன். அவன் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். ஒவ்வொரு எழுத்தாக இழுத்துச் சொன்னான்.

“என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக்கா.”

நான் உங்களிடம் சொன்னேன்: “ஆம். என் சொந்த விருப்பத்தின் பேரில்தான்.”

வாழ்த்துச் சொல்லி, மறுபடியும் தும்மி, மன்னிப்புக் கேட்டு, நீங்கள் அழைப்பை முடித்தபோது மூன்று நாற்பது. மாதிரிக் கையெழுத்துத் தாளை அன்றைக்கே ஏற்ற வேண்டும் என்று நினைவூட்டினீர்கள். மூன்று கட்டம், மூன்று கையெழுத்து. பேனாவை அவன் விரலுக்குள் செருகி, மேலே என் கையை வைத்துப் பிடித்துப் போட்டோம். சின்ன வயதில் சிலேட்டில் அவனுக்கு எழுத்துப் பழக்கியது இப்படித்தான். கோப்பு பெரிதாக இருக்கிறது என்று உங்கள் தளம் இரண்டு முறை ஏற்க மறுத்தது. சுருக்கி ஏற்றினேன். பச்சை நிறத்தில் ‘கிடைத்தது’ என்று வந்தபோது நாலு ஐம்பத்தைந்து. அப்புறம்தான் வண்டிக்குப் போன் செய்தேன். அவன் நாற்காலியிலேயே சாய்ந்திருந்தான். இரண்டு மாடி இறக்க வண்டிக்காரரும் நானும் பட்ட பாடு கொஞ்சமில்லை. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை.

ஒரு மனிதனை நாலு மணி நேரம் காக்கவைத்தேன் என்பதுதான் நான் செய்தது என்று நீங்கள் இதுவரை எண்ணியிருப்பீர்கள். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். அது மட்டும் என்றால் மன்னிக்க ஆள் கிடைத்திருக்கும்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது ஐந்தரை. தம்பி மனைவி வேலையிலிருந்து நேரே வந்து வாசலில் நின்றிருந்தாள், ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு. மூளையைப் படமெடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் வெளியே வந்தார். இளம் வயதுக்காரர், நிதானமானவர். இரத்தக் கட்டி அடைத்திருக்கிறது, அதைக் கரைக்க ஊசி இருக்கிறது, ஆனால் ஆரம்பித்து நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் உண்டு என்றார். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். அவர் என் தயக்கத்தைப் பார்த்துவிட்டு, மெதுவாக, குழந்தைக்குச் சொல்வது போல விளக்கினார்.

“நேரத்தைச் சரியாச் சொல்லுங்கம்மா. தாண்டியிருந்தா பரவாயில்ல, வேற வழி பாக்கலாம். ஆனா தாண்டின பிறகு இந்த ஊசியப் போட்டா உள்ள இரத்தம் கசிஞ்சு ஆளே போயிடுவாரு.”

பன்னிரண்டு ஐம்பது. நாக்கு நுனியில் இருந்தது. பக்கத்தில் தம்பி மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பன்னிரண்டு ஐம்பது என்று சொன்னால், ஐந்தரை வரைக்கும் நீங்க என்ன அண்ணி பண்ணிட்டிருந்தீங்க என்று அடுத்த கேள்வி வரும். இரண்டு மணிக்குத் தூங்குகிறான் என்று அவளிடம் சொல்லியிருந்தேன்.

“நாலு மணிக்கு” என்றேன். “அழைப்பு முடிஞ்சு டீ குடிக்கும்போது.”

நிச்சயமாகவா என்று கேட்டார். நிச்சயமாக என்றேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, நல்லவேளை, சீக்கிரம் கொண்டுவந்துட்டீங்க என்று சொல்லிக்கொண்டே உள்ளே ஓடினார். தம்பி மனைவி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். நீங்க இருந்ததாலதான் அண்ணி என்றாள். அவள் உள்ளங்கை சில்லென்று இருந்தது. ஆறு மணி சுமாருக்கு ஊசி ஏறியது. அவனைப் படுக்கவைத்திருந்த அறைக் கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் உண்டு. அதன் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கண் திறந்திருந்தது. என்னைத் தேடினானா, வெறுமனே பார்த்தானா, தெரியாது. அந்தக் கதவைத் திறந்து, நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. ஊசி மருந்து ஒரே அடியாக ஏறுவதில்லை, ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏறும். அந்த ஒரு மணி நேரமும் நான் கதவுக்கு இந்தப் பக்கம்தான் நின்றேன்.

அன்றிரவே இரத்தம் கசிந்தது. வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்றே காலுக்கு அவன் போனான். நீங்கள் ஒதுக்கித் தருவதாகச் சொன்ன அதே நேரம். நேரத்துக்குள் கொடுத்தாலும் நூற்றில் சிலருக்கு இப்படி ஆகிவிடும், யாரையும் குற்றம் சொல்ல முடியாது என்று டாக்டர் தலைகுனிந்து சொன்னார். அந்த மனிதர் அழுதுவிடுவார் போலிருந்தது. நான் அவருக்கு ஆறுதல் சொன்னேன். அந்தச் சிலரில் அவனும் ஒருவனாக இருந்திருக்கலாம், இல்லையா? அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கணக்கு திறந்தாயிற்று என்ற உங்கள் மின்னஞ்சல் திங்கட்கிழமை வந்தது. வீட்டில் உறவுக்காரர்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நான் சமையலறையில் நின்று அதை இரண்டு முறை படித்தேன். பெயர் மூன்றும் ஒன்றாகச் சரியாகியிருந்தது, ஓர் எழுத்துப் பிழையில்லை. ஒரு வருஷமாக அதற்காகப் பாடுபட்டோம். நான் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதேன். துக்கம்தான் அது, வேறொன்றும் இல்லை. அவனை நான் பெறவில்லையே தவிர, என் பிள்ளை அவன்.

அடுத்த மாதம் அவனுடைய இறப்புச் சான்றிதழை நான்தான் பெயர்த்து உங்களுக்கு அனுப்பினேன். காரணம்: மூளையில் இரத்தக்கசிவு. ஒரு சொல்கூட மாற்றவில்லை. இரங்கல் தெரிவித்துப் பதில் எழுதினீர்கள், அன்றைக்கு அவர் களைப்பாகத் தெரிந்தது நினைவிருக்கிறது என்றும் ஒரு வரி சேர்த்திருந்தீர்கள். அந்த ஒரு வரியை நான் தம்பி மனைவிக்குப் படித்துக்காட்டவில்லை. விதிப்படி கணக்கு இரண்டாவது இயக்குநர் பெயருக்கு வந்தது. முந்நூறு கட்டடத்திலும் அவன் எழுதியது இன்றைக்கும் ஓடுகிறது. எந்தக் கதவு அரை நொடி தாமதித்தாலும் என் கைபேசியில் எச்சரிக்கை வருகிறது. நான் ஒன்றையும் தாமதிப்பதில்லை, அந்த நிமிடமே உரியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஐந்து வருஷத்தில் ஒரு லிஃப்ட்கூட நின்றதில்லை. அதன் பலனில்தான் குழந்தை நல்ல பள்ளிக்குப் போகிறாள். அவள் சாப்பாடு, அவள் மருந்து, அவள் அம்மாவின் நிம்மதி, எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன். அவன் உயிரோடு இருந்திருந்தால் இதற்குத்தான் ஆசைப்பட்டிருப்பான்.

இப்போது பதிவு. அதில் அவன் என்னிடம் மூன்று தடவை பேசுகிறான். உங்களிடம் எங்கள் மொழி தெரிந்தவர் யாரும் இல்லாததால் ஐந்து வருஷம் அது பத்திரமாக இருந்தது. இங்கே வந்துவிட்டால் அந்த மூன்றும் புரியாதவர் இந்த வீட்டில் ஒருவருமில்லை. நாலே முக்கால் வயதுக் குழந்தைக்குக்கூடப் புரியும்.

கேட்காமலே இருந்துவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் அந்தக் குழந்தை கரகரத்த குரலில் வீட்டைச் சுற்றி வந்தது கண்ணைவிட்டுப் போகவில்லை. உண்மையை ஒருவரிடமாவது ஒரு முறையாவது முழுசாகச் சொல்லிவிட வேண்டும் என்று மனது அடித்துக்கொண்டது. உங்களைவிடப் பொருத்தமானவர் இல்லை. நீங்கள்தான் அன்று கேட்டீர்கள், அவருக்கு உடம்பு சரியில்லையா என்று. ஐந்து வருஷம் கழித்துப் பதில் சொல்கிறேன். சரியில்லை. அவன் உதவி கேட்டான். நான் அதை உங்களிடம் சொல்லவில்லை. பிறகு டாக்டரிடம் தப்பான நேரத்தைச் சொன்னேன், தெரிந்தே சொன்னேன், அதனால் அவன் செத்தான். என் தம்பியைக் கொன்றது நான்தான். சொல்லிவிட்டேன். பாரம் இறங்கிய மாதிரி இருக்கிறது.

விளக்கை அன்று இடது பக்கம் வைத்தது நல்லதாகப் போயிற்று, முகம் அழகாகவே இருக்கும். அவன் வாய் அசையும்போது, அப்பா என்ன சொல்றாங்க அத்தை என்று அவள் கேட்டால், பக்கத்தில் உட்கார்ந்து நான் எடுத்துச் சொல்வேன்.

மூலம் இத்துடன் முடிந்தது. பெயர்ப்பு கீழே.

‘மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. எங்கள் மறைந்த இயக்குநரின் சரிபார்ப்பு அழைப்புப் பதிவின் நகலை, அவருடைய குழந்தையின் நினைவுக்காக, ஒலியை நீக்கி அனுப்பிவைக்க வேண்டுகிறேன். முகம் தெரிந்தால் போதும். நன்றி.’

மூலத்தில் உள்ளதைக் கூட்டாமல் குறைக்காமல் பெயர்த்திருக்கிறேன் என்று இதனால் உறுதி கூறுகிறேன்.